சாரத்திலிருந்து இறங்கிய லூப்

வெள்ளிக்கிழமை என்றால் முத்தலிப் பரிசாரியின் வாசலில் செருப்பு விட இடம் கிடைக்காது. சம்மாந்துறையிலிருந்துகூட ஆட்டோ பிடித்து வந்தார்கள். கருத்தடைக்கு லூப் போட்ட பெண்ணைத் தொடாமல், பார்க்காமல், அவள் உடுத்த துணியில் ஒரு துண்டை ஓதி, லூப்பை இளநீருக்குள் இறக்கிவிடுவாராம்! ஆள் வரத் தேவையில்லை, துணி போதும். எவ்வளவு மானமான வைத்தியம்! காசு கேட்கமாட்டார், பாவம். கொடுப்பதை ‘ஹதியா’, அன்பளிப்பு, என்பார்.

சுல்பிகாவின் துணியை மாமிதான், புருசன் றஸாக்கின் உம்மா, கொண்டுபோனாள். “கிளினிக்கில இழுத்தா கர்ப்பப்பையும் சேந்து வந்திரும் புள்ள” என்று பயமுறுத்தியவளும் அவளே. மாமி கொண்டுவந்த செம்புச் சுருளைப் போத்தலில் போட்டுவைத்து, இரண்டாவது பிள்ளைக்காக எட்டு மாதம் காத்திருந்தாள் சுல்பிகா. பிள்ளை தங்கவில்லை. மாமியின் வாய்தான் நீண்டது. ஒவ்வொரு மாதமும் அழுது அழுது, கடைசியில் கல்முனையில் ஒரு கிளினிக்குக்குப் போனாள்.

டொக்டர் ஹப்ஸா பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார். “லூப் உள்ளுக்கதான் இரிக்கி. நூல் தெரியுது.”

“அப்ப போத்தல்ல இரிக்கிறது?”

“அதைக் கரண்ட் வேலை செய்றவருக்கிட்டக் காட்டுங்க.”

“எடுக்கக்குள்ள உசிர் போகுமா டொக்டர்?”

“நூலைப் புடிச்சி மெல்ல இழுக்கிறதுதான். கொஞ்சம் வயிறு வலிக்கும், ரெண்டொரு நாள் லேசா ரெத்தம் படும். எங்க, ஒருக்கா இருமுங்க.”

இருமினாள்.

“முடிஞ்சி.”

“என்ன முடிஞ்சி?”

தட்டில் சிறியதொரு பிளாஸ்டிக் துண்டு, செம்பு சுற்றியது, வால்போல நூலோடு. போத்தல் சுருளுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. போன எட்டு மாதத்தையும் அவள் ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினாள்.

அடுத்த வெள்ளி மாமியையும் கூட்டிக்கொண்டு பரிசாரியிடம் போய், கையளவு துணியொன்றை நீட்டினாள்.

ஓதினார். வியர்த்தார். “நாலு வருசத்து லூப்பு! சதையோட ஒட்டிட்டு... ஆ, வந்திட்டு!” இளநீரை வெட்டினார். செம்பு பளபளத்தது. “சுப்ஹானல்லாஹ்!” என்றது கூட்டம்.

“பரிசாரியார், இது என்ட மனுசன் இடுப்புல உடுத்த சாரத்துத் துண்டு. றஸாக்குக்கு லூப் போட்டது ஆரு?”

யாரோ களுக்கென்று சிரிக்க, வாசலே சிரித்தது. மாமி மட்டும் சிரிக்காமல் இளநீரைப் புரட்டினாள். அடியில் ஒரு துளை, அதற்கு மெழுகு அடைப்பு. பரிசாரியைத் தேடினால் பின்கதவு திறந்து கிடந்தது.

ஆள் வேண்டாம், துணி போதும் என்றாரே, தாய்மாரே! மூளையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்பதைத்தான் மனுசன் அவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்.