அறுபத்துமூன்று முறை செத்தவன் அக்காவுக்கு எழுதியது

லாஸ் ஏஞ்சலஸ்,
செவ்வாய்க்கிழமை.

பாசமும் சந்தேகமும் என்மேல் ஒருபோதும் குறையாத மேவிஸ் அக்காவுக்கு, தம்பி நெவில் அநேக வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நான் உயிரோடு இருக்கிறேன்; ஞாயிற்றுக்கிழமை டிவியில் பார்த்ததை நம்ப வேண்டாம். இங்கிலாந்தில், நம் ஹல் ஊரில், நீயும் அத்தானும் நாயும் நலம்தானே? மாடி அறையைச் சுத்தம் செய்து வை. மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடப் போகிறேன்.

என் விசா இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் நான் அசாதாரணத் திறமைசாலி என்று ஒரு பெரிய டைரக்டர் எழுதித் தர வேண்டுமாம். இதென்ன பிரமாதம், இருபத்தோரு வருஷத்தில் அறுபத்துமூன்று வேஷம் கட்டி அத்தனையிலும் செத்தவனாயிற்றே என்று விசா வக்கீலம்மாவிடம் என் வேஷப் படங்களின் ஆல்பத்தை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரி சார், இதுல நீங்க எங்க இருக்கீங்க?" என்றாள். அவளைச் சொல்லி என்ன? "அந்தக் குண்டுப் பாதிரியார் நல்லா நடிச்சாருடா, நீ எப்ப வருவே?" என்று, அந்தப் பாதிரியாரே நான்தான் என்று தெரியாமல், போனில் கேட்டவள்தானே நீ! அன்றைக்குப் பெருமையாகவும் இருந்தது, வலிக்கவும் செய்தது.

சரியென்று டைரக்டர் டிரெஸ்லரிடம் ஓடினேன். அவர் தொடரில் ஒரு வருஷம் ரஷ்ய ஜெனரலாக இருந்து செத்தவன் நான். மேக்கப் போட்டால் பேக்கப் வரைக்கும் ஜெனரலாகவே பேசுவது, திட்டுவது, சாப்பிடுவது என் வழக்கம். டைட்டிலில்கூட ரஷ்யப் பெயரையே போடச் சொன்னது என் கொழுப்பு. டிரெஸ்லர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யோவ், அவரு அசல் ரஷ்யாக்காரருய்யா! அவரு செத்த சீன்ல நான் அழுதேன். அவரு பேரைச் சொல்லிப் பொழைக்கப் பாக்குறியா?" என்று கதவைச் சாத்திவிட்டார்.

விடுவேனா? மறுநாள் தாடி ஒட்டி, மெடல் குத்தி, அதே உடுப்பில் போய் நின்றேன். "ஜெனரல்! எங்க போயிட்டீங்க இத்தனை நாளா?" என்று கட்டிக்கொண்டு கண்கலங்கினார். இதுதான் சமயம் என்று தாடியைப் பிய்த்து எறிந்து, "ஐயா, நான்தான் நேத்து வந்த நெவில்!" என்று ஹல் ஊர்ப் பேச்சிலேயே கதறினேன். மனுஷன் கைதட்டிச் சிரிக்கிறார், அக்கா. "அடேங்கப்பா! அந்த அழுமூஞ்சி இங்கிலீஷ்காரனை அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்களே! இதுக்காகத் தாடியக்கூட எடுத்துட்டீங்களா?"

இனி என்ன சொல்ல? ஐம்பத்தெட்டு வயதில் வேறு தொழிலும் தெரியாது. பயமாக இருக்கிறது, அக்கா. அத்தானுக்கு என் அன்பு. நாய்க்காவது என்னை அடையாளம் தெரிந்தால் சந்தோஷம்.

இப்படிக்கு,
உன் தம்பி நெவில்

பின்குறிப்பு: மாடி அறையை வாடகைக்கு விட்டுவிடு. இப்போதுதான் டிரெஸ்லர் போன் செய்தார். புதுத் தொடரில் அவர் நம்பும் அந்த ரஷ்யாக்கார ஜெனரல்தான் கதாநாயகன். ஹல் ஊர்க்காரர் வேஷம், கடைசிவரை சாவதில்லை. அவருக்கு நம் ஊர்ப் பேச்சு சொல்லிக்கொடுக்க அந்த அழுமூஞ்சி இங்கிலீஷ்காரன் நெவில்தான் வேண்டுமாம். நெவில் விசாவுக்குக் கடிதமும் அனுப்பிவிட்டார். வக்கீலம்மா இதுவே போதும் என்கிறாள். அதில் எழுதியிருப்பது: "நடிப்பு இவருக்குச் சுத்தமாக வராது, ஆனால் இங்கிலீஷ்காரனாக இருப்பதில் இவரை மிஞ்ச ஆளில்லை."