ராஜாத்தியின் பிரசவத்துக்கு எத்தனை பவுண்டு காற்று?

நன்னிலம்,
தை 11.

சகல பாக்கியங்களும் பெற்று வாழ வேண்டிய மாப்பிள்ளை நடேசனுக்கு, மாமனார் தியாகேசன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அத்தை பிரகதாம்பாள், நிறைமாதமாக இருக்கும் உங்கள் சம்சாரம் ராஜாத்தி, நீங்கள் பம்பாய்க்கு மாற்றலாகிப் போகும்போது விட்டுச்சென்ற கார், நால்வரும் சுகம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வலி கண்டதும் ராஜாத்தியைக் காரிலேயே திருவாரூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லி, டயரில் காற்று கூடினால் வண்டி தூக்கிப்போடும், குறைந்தால் டயர் கிழியும், சரியாக இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் எழுதினீர்களே, எத்தனை பவுண்டு என்று எழுதினீர்களா? அந்த ஓர் எண்ணுக்காக நாலு நாளாக நாய் படாத பாடு படுகிறேன். பெட்ரோல் பங்கில் 'முன்னாடி இருபத்திநாலு, பின்னாடி இருபத்தியாறுங்க' என்று அடித்துவிட்டார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கூத்தாநல்லூர் அப்துல் வஹாப் பாய் இருபது வருஷமாகக் கார் வைத்திருப்பவராயிற்றே என்று அவரிடம் ஓட்டிப்போனேன். டயரை ஓர் உதை உதைத்தார். 'என்னங்க தியாகேசன், கல்லு மாதிரில்ல இருக்கு! புள்ளத்தாச்சி இதுல ஏறுனா பாதி வழியிலயே பெத்துடும்' என்று சொல்லி, காற்று அளக்கும் தன்னுடைய சிங்கப்பூர்க் கருவியை வைத்துப் பார்த்தால், பங்கில் இருபத்தியாறு காட்டிய அதே டயர் முப்பத்திரண்டு காட்டுகிறது. இருபதுக்கு இறக்கினார். திரும்பும் வழியில் பங்க்காரர் பார்த்து, 'ஐயோ, பதினாலுதாங்க இருக்கு!' என்று தலையில் அடித்துக்கொண்டு மறுபடி ஏற்றினார். ஒரே காற்று ஊருக்கு ஊர் எப்படி மாறும்? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்.

அறுவடைக் கூலிக்காகச் சங்கத்துக்காரர்கள் பத்து நாளாக வேலைநிறுத்தம் அல்லவா, நம் டிராக்டர் ஓட்டும் வீரையனும் கொடியோடு மதகில் உட்கார்ந்திருக்கிறான். வெட்கத்தை விட்டு அவனிடம் போய் நின்றேன். 'காத்து அடிக்கிறதும் வேலைதாங்க. பேச்சுவார்த்த முடியிற வரைக்கும் பம்பத் தொடமாட்டேன். யோசன வேணா சொல்றேன், அதுக்குத் தடையில்ல' என்றான். 'சேத்துல எறக்கும்போது டிராக்டர் பின் டயர்ல முக்காவாசி தண்ணிதானே ஊத்துறோம்? அலுங்குதா, குலுங்குதா?' எனக்குப் பொட்டில் அடித்தாற்போல் விளங்கியது. அவன் சிரித்தானா என்று கவனிக்கவில்லை. நேரே வந்து, டிராக்டருக்குத் தண்ணீர் விடும் வால்வை மாட்டி, பம்புசெட் ஓஸால் காரின் பின் டயர் இரண்டையும் நிரப்பிவிட்டேன். ஓட்டிப் பார்த்தேன் மாப்பிள்ளை, குலுங்கவே இல்லை, ஆனால் பிரேக் போட்டால் வண்டி நிற்கிறது, உள்ளே தண்ணீர் நிற்க மாட்டேன் என்கிறது, அது தள்ளிக்கொண்டுபோய்த் தெருக்கோடி ரெத்தினத்தின் வைக்கோல்போரில் விட்டது. கண்ணாடிக்கு ஒன்றுமில்லை. இப்போது கார் செங்கல்மேல் நிற்கிறது, டியூப் இரண்டும் கொல்லைக் கொடியில் காய்கின்றன.

ராஜாத்தி நேற்றும் இன்றும் 'இடுப்பு வலிக்கிறாப்ல இருக்குப்பா' என்றாள். 'ஒரு நாள் பொறுத்துக்கம்மா, காத்து முடிவாகட்டும்' என்று சொல்லிவைத்திருக்கிறேன். சொன்னால் கேட்கிற பெண். ஆகவே உடனே தந்தி அடிக்கவும். முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை, அது போதும். மற்றபடி எல்லாம் தயார், கவலை வேண்டாம்.

திருவாரூர்த் தியாகேசர் உங்களுக்கு ஆயுளும் ஆரோக்கியமும் கொடுக்க வேண்டுகிறேன். அத்தையின் ஆசீர்வாதமும் இதில் சேர்த்தி.

இப்படிக்கு,
தியாகேசன்

பி.கு.: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். கொல்லையில் உட்கார்ந்து இதை எழுதி முடித்து உள்ளே போனால் வீட்டில் ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு அம்சவல்லி, 'ஆத்தாளும் மகளும் ஒம்போது மணி பஸ்சுக்கே போயிட்டாங்களே, ஒங்களுக்குத் தெரியாதா?' என்றாள். அடுத்த பஸ்ஸில் திருவாரூர் ஆஸ்பத்திரிக்கு விழுந்தடித்துக்கொண்டு போனேன். பெண் குழந்தை. இருவரும் சௌக்கியம். 'ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?' என்று கேட்டேன். 'ரெண்டு நாளா சொல்லிக்கிட்டுத்தானேப்பா இருந்தேன்' என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை மாப்பிள்ளை, எனக்கு அழுகை வந்துவிட்டது. தந்தி வேண்டாம், நீங்கள் புறப்பட்டு வாருங்கள். அதுவரை ஆஸ்பத்திரியை விட்டு நகரமாட்டேன். அவள் மெதுவாகக் கூப்பிட்டாலும் காதில் விழுகிற தூரத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.