ரெண்டாவது டிவியும் ஒரு ரோஜா மாலையும்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். பின்கட்டு டிவிக்கு, வைஃபையில சீரியல் காட்டுற ஸ்டிக் மாட்டணும்.

நான் திருப்பத்தூர் ரோட்டுல ஒரு பெட்ரோல் பங்குல ராத்திரி வேலை பார்க்கிறவன். ஊர் எந்திரிக்கிறப்ப நான் படுப்பேன். முகப்பு அறையில டிவி, நடு அறையில என் கட்டில். என் மனைவி வள்ளி பார்க்கிற சீரியல்ல எந்நேரமும் யாராவது கத்திக்கிட்டே இருப்பாக. பகல்ல ஒழுங்காத் தூங்கி எத்தனையோ காலமாச்சு.

பின்கட்டுல இன்னொரு டிவி சும்மா கிடந்துச்சு. சீரியலை அங்குட்டுத் தள்ளிட்டா எனக்குத் தூக்கம்!

"மாட்டத் தெரியுமா? ஆளைக் கூப்பிடுவமா?"ன்னு வள்ளி கேட்டா.

"மிக்ஸியவே பிரிச்சவன் நான்!"

"அதைத் திரும்பச் சேர்க்கலையே!"

நான் காதுல போட்டுக்கலை. ஸ்டிக்கை எடுத்துக்கிட்டு டிவிக்குப் பின்னால கையை விட்டேன். ஒட்டடை, ஒரு பல்லி, அப்புறம்தான் ஓட்டை. சொருகினேன். படம் வந்துச்சு! ரிமோட்டால ஒவ்வொரு எழுத்தா நகர்ந்து நகர்ந்து வைஃபை பாஸ்வேர்டும் போட்டாச்சு.

திரையில ஒரு வட்டம் சுத்துச்சு. சுத்திக்கிட்டே இருந்துச்சு.

நாங்க வாடகைக்கு இருக்கிறது பழைய செட்டியார் வீட்டுல ஒரு பகுதி. வைஃபை பெட்டி முகப்புல. நடுவுல இருக்கிற சுவருக்குள்ள இடியே நுழையாது, வைஃபை எங்க நுழையும்?

அப்ப வள்ளி கதவைத் திறந்து காபியோட வந்தா. வட்டம் நின்னு சீரியல் ஓடுச்சு! கதவைச் சாத்தினா. மறுபடி வட்டம்!

"சாத்தாதே! சாத்தாதே!"

எங்க வீட்டுக் கதவெல்லாம் ஒரே நேர்கோடு. வாசல்ல நின்னா கொல்லை தெரியும். அத்தனையையும் விரியத் திறந்து செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். ஒரு தெம்புல வாசக்கதவையும் திறந்து வச்சேன். வைஃபைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு இப்பத்தான் தெரியுது.

வள்ளியும், சாக்கோட்டையில இருந்து வந்திருந்த அவ அக்காவும் பின்கட்டுல பாயை விரிச்சாக. நான் ஜெயிச்ச மிதப்புல கட்டில்ல சாஞ்சேன். தண்ணி குடிக்கலாம்னு எந்திரிச்சா ஒரே கூச்சல்.

"என்னங்க, படுங்க! நீங்க குறுக்க வந்தா வட்டம் சுத்துது!"

"அசையாதீக தம்பி! இன்னைக்கு அந்தப் புள்ள சாகப் போகுது!" இது அக்கா.

கல்யாணமான நாள்ல இருந்து "எந்நேரமும் படுக்கையா?"ன்னு கேட்டவ வாயில இருந்து "படுங்க"! விடுவேனா? வெளிச்சத்துக்கு ஒரு வெள்ளை வேட்டியைத் தலையோட போர்த்திக்கிட்டு நீட்டி நிமிர்ந்தேன்.

தூக்கம்னா தூக்கம், அப்பேர்ப்பட்ட தூக்கம்!

நெஞ்சுல ஜில்லுன்னு ஏதோ விழுந்துச்சு. வேட்டியை விலக்கினா, ரோஜா மாலை! கால்மாட்டுல எதிர்வீட்டு முத்தையா அண்ணன் துண்டால வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறாக.

அவுகளைக் குத்தம் சொல்ல முடியாது. தெருவுல போறப்ப உள்ள பார்த்திருக்காக. அத்தனை கதவும் விரியத் திறந்து கிடக்கு. நடுவுல மூடிப் படுத்த ஒரு ஆளு. பின்கட்டுல ரெண்டு பொம்பளைக தேம்பித் தேம்பி அழுகுறாக. சீரியல்ல அந்தப் புள்ள செத்துப்போச்சுல்ல! நம்ம பக்கம் ஒரு வீடு இப்படிக் கிடந்தா என்ன அர்த்தம்? அழுகுறவுககிட்டப் போய் என்னத்தைக் கேக்குறதுன்னு மனுசன் நேரா மாலை வாங்கப் போயிட்டாக.

"என்னண்ணே இது?"ன்னு எந்திரிச்சு உட்கார்ந்தேன்.

"ஆத்தாடீ!" அண்ணன் வாசலுக்கே ஓடிட்டாக.

பின்கட்டுல இருந்து ரெண்டு குரல்: "படுங்கன்னு சொன்னோம்ல!"

ஒரு சொம்புத் தண்ணி குடிச்சப்புறம்தான் அண்ணனுக்குப் பேச்சு வந்துச்சு.

"கோவிச்சுக்காதப்பா. உன் பெட்ரோல் பங்குக்கும் போன் போட்டுச் சொல்லிட்டேன்."

பதறிப்போய் மேனேஜரைக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் "நீயேதானா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாரு. அப்புறம், "சரி, ராத்திரிக்கு வேற ஆள் போட்டாச்சு. நீ நாளைக்கு வா"ன்னாரு.

எத்தனை தடவை கேட்டும் கிடைக்காத லீவு, செத்தா மட்டும் உடனே கிடைக்குது.