முப்பத்தெட்டுப் பெட்டி ஐஸ்கிரீமும் ஒரு ஸ்டோர்கீப்பரும்

வேலையிலிருந்து மனிதனுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். பழக்கத்துக்குக் கொடுக்க முடியாது. முப்பத்தோரு வருடம் ஓர் அரசுத் துறையில் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். ஒரு போல்ட்கூடக் குறைந்ததில்லை. இப்போது எண்ணப் பொருள் இல்லாததால், கோட்டாறு வீட்டு மாடிப்படிகளை ஏறும்போதெல்லாம் எண்ணுகிறேன். (பதினேழு. குறையாது என்று தெரியும். இருந்தாலும் ஒரு நிம்மதி.)

இந்த நிம்மதிதான் மூன்று வருடத்துக்கு முன் ஒரு சித்திரையில் என் மகள் ஜெயாவின் வியாபாரத்தைக் கவிழ்க்கப் பார்த்தது.

ஜெயா ஐஸ்கிரீம் ஏஜென்சி நடத்துகிறாள். ஒரு சின்ன வேன், அதன் பின்னால் குளிர்ப்பெட்டி. உள்ளே இருக்கும் தகடுகளை இரவெல்லாம் கரண்டில் போட்டு உறையவைப்பார்கள். பகல் முழுக்க அந்தக் குளிரை வைத்தே ஓட்டவேண்டும். கதவைத் திறந்து வைக்கக் கூடாது. இதை ஜெயா இரண்டு தடவை சொன்னாள். டிரைவர் தங்கராஜ் மூன்று தடவை. ஆக ஐந்து.

பெட்டி இறக்குகிற ஆள் அன்று ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். நான் போகிறேன் என்றேன். ஜெயா யோசித்தாள். ஆனால் அன்று களியக்காவிளை சுகுமாரன் கடைக்கு முதல் சரக்கு போயாக வேண்டும். கேரளத்துக்குப் போகிறவனும் வருகிறவனும் நிற்கிற கடை அது. அவர் பின்னால் இரண்டு மாதம் நடந்து, தன் ஃப்ரீசரை அங்கே வைக்கச் சம்மதம் வாங்கியிருந்தாள். முதல் சரக்கு பிடித்தால் ஃப்ரீசர் இருக்கும். பிடிக்காவிட்டால் தூக்கிக்கொண்டு போகவேண்டும் என்பது பேச்சு.

ஏழு கடை, முப்பத்தெட்டுப் பெட்டி. முதல் கடை தக்கலையில். கடையில் இருப்பு பார்க்கத் தங்கராஜ் உள்ளே போனார். முப்பத்தெட்டும் இருக்கிறதா என்று பார்க்கத்தான் கதவைத் திறந்தேன். உள்ளே கண்ட காட்சி என்னை உலுக்கிவிட்டது. கப்புக்கு மேல் கோன், கோனுக்கு மேல் குச்சி ஐஸ், அதற்கு மேல் மறுபடியும் கப். (ஆடிட்காரன் பார்த்தால் என்ன ஆவது?) எல்லாவற்றையும் இழுத்துப் போட்டு, கப் பதினேழு ஒரு பக்கம், கோன் பன்னிரண்டு நடுவில், குச்சி ஐஸ் ஒன்பது ஓரத்தில் என்று அடுக்கினேன். இருபது நிமிடம் ஆயிற்று. மொத்தம் முப்பத்தெட்டு. என் மனசு குளிர்ந்தது. அன்று குளிர்ந்தது அது ஒன்றுதான்.

தங்கராஜ் வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அவர் கடைவாரியாக அடுக்கியிருந்தாராம். கடைசிக் கடையான சுகுமாரனின் எட்டுப் பெட்டி தகட்டை ஒட்டி உள்ளே, முதல் கடைச் சரக்கு கதவருகே. கையை விட்டால் வந்துவிடும். இனி ஒவ்வொரு கடையிலும் தோண்டவேண்டும்.

"எண்ணினா குளுருமா சாரே?" என்று மட்டும் கேட்டார்.

"கணக்கு சரியா இருக்கு" என்றேன். (இதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.)

கடைக்கு ஒரு நிமிடம் திறக்கவேண்டிய கதவு நாலு, ஐந்து நிமிடம் திறந்து கிடந்தது. மார்த்தாண்டம் நெரிசலில் உச்சி வெயிலில் இருபத்தாறு நிமிடம் நின்றோம். குழித்துறை தாண்டியதும் வெனிலா வாசனை எங்கள் இருக்கைவரை வந்தது. நல்ல வாசனை என்றேன்.

"வாசம் வரப்பிடாது சாரே" என்றார் தங்கராஜ்.

சுகுமாரன் ஒரு கப்பை எடுத்து, தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோலக் காதருகே ஆட்டினார். இன்னொன்றை ஆட்டினார். எட்டுப் பெட்டியும் இருக்கிறது, எண்ணிக்கொள்ளலாம் என்றேன்.

"கணக்கு கொள்ளாம் சாரே, நல்லாத்தான் இருக்கு. சரக்குதான் கொள்ளாது. இதத் திரும்பக் கல்லாக்கி வித்தா நாளைக்கி என் கடைக்கு ஆரு வருவா?"

போகும்போது ஃப்ரீசரையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தங்கராஜ் என்னைக் காட்டிக்கொடுக்காமல், தகடு சரியாக உறையவில்லை என்று மழுப்பினார். அப்படிப்பட்ட வண்டியை நம்பி எப்படிச் சரக்கு எடுப்பது என்று சுகுமாரன் கேட்டார். நியாயம்தான். வாயைத் திறக்காமல் நின்றால் என் மானம் பிழைக்கும், ஜெயாவுக்கு இந்தக் கடை போய்விடும்.

"வண்டி நல்ல வண்டியாக்கும்" என்றேன். "தகடும் நல்லாத்தான் உறைஞ்சுது. இருவது நிமிஷம் கதவத் தொறந்து வச்சு எண்ணினது நான். ஜெயாவுக்க அப்பன்."

"எதுக்கு எண்ணினீரு?"

"எண்ணாம இருக்க முடியல்ல."

சுகுமாரன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, ஒரு சர்பத் கலக்கிக் கொடுத்தார். நாளைக் காலையில் எட்டுப் பெட்டி கல்லுபோல வந்தால் ஃப்ரீசர் இருக்கட்டும் என்று தங்கராஜிடம் சொன்னார். "ஆனா சாரு வண்டியில ஏறப்பிடாது."

மறுநாள் ஜெயாவே போனாள். சரக்கு கல்லுபோல இருந்தது. ஃப்ரீசர் இன்றும் அங்கேதான் இருக்கிறது. இப்போது அதுதான் அவளுடைய பெரிய கடை. திங்கட்கிழமைதோறும் சுகுமாரனின் ஆர்டர் வாட்ஸப்பில் வரும்: கப் 10, கோன் 6, குச்சி 4, அப்பா 0. ஜெயா அதைச் சாப்பாட்டு மேசையில் உரக்க வாசிப்பாள். என் மனைவி உட்பட நாலு பேர் சிரிப்பார்கள்.

போன வாரம் அந்தக் கடைசி வரியை அவர் மறந்துவிட்டார். ஜெயா உடனே போன் போட்டு, ஆர்டர் முழுசாக வரவில்லையே என்று கேட்டு வாங்கினாள்.