வந்த அன்னிக்கு வெலை

விலை ஏறினால் அழுகிற வியாபாரியை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். பிரெஞ்சுக்காரன் காலத்தில், பாகூரில் எங்கள் தெருக் கோடியில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தார். அவர் பெயர் சத்தியமாக எனக்குத் தெரியாது. ஊரே அவரை ‘அன்னிக்கு வெலை’ என்றுதான் சொல்லும். சிரித்துப் பார்த்ததே கிடையாது. செக்கு மாடு அவரைவிடக் கலகலப்பு.

அந்தப் பட்டப்பெயருக்குக் காரணம் இதுதான். ஒரு வீட்டார் அவரிடம் முதல் தடவை நல்லெண்ணெய் வாங்குகிற அன்றைக்கு என்ன விலையோ, அதுதான் அந்த வீட்டுக்குக் கடைசிவரைக்கும் விலை. எள்ளு ஏறினாலும் அதே, இறங்கினாலும் அதே. ஒரே ஒரு நிபந்தனை. நடுவில் ஒரு உழக்கு எண்ணெய் வேறு இடத்தில் வாங்கிவிட்டால் எல்லாம் போச்சு. திரும்பி வந்தால் புது ஆள், புது விலை. எழுதி வைக்கிற பழக்கமெல்லாம் இல்லை. "உங்க வூடு வந்தது ஏரி ரொம்பி வழிஞ்ச வருசம். ஐப்பசி. தூறிக்கினு இருந்துது" என்பார். யார் மறுத்துப் பேசுவது?

மேரி என்று நாங்கள் சொல்கிற ஊர் ஆபீசுக்குப் புதிதாக ஒரு குமாஸ்தா வந்தார். செக்கடியில் பக்கத்தில் நின்ற அம்மாள் தன்னைவிடக் குறைச்சலாகக் கொடுத்ததைப் பார்த்துவிட்டுக் குதித்தார்.

"இது பிரெஞ்சு ராஜ்யம்யா. இங்க எல்லாரும் சமம். தெரியுமா உனக்கு?"

"சமம்தான் முசே. வந்த அன்னிக்கு அல்லாரும் அன்னிக்கு வெலைதான் குடுத்தாங்க."

குமாஸ்தா எண்ணெயை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

இன்னொரு சமயம் அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்துக்கொண்டார்கள். நிலம், மாடு, கிணற்றில் முறை எல்லாம் சுமுகமாக முடிந்தது. அப்பன் காலத்துச் செக்கடி விலை யாருக்கு என்பதில்தான் கைகலப்பு. இவரிடமே வந்து கேட்டார்கள். "ஆத்தா யாரு வூட்ல சோறு துண்ணுதோ, அந்த வூட்டுக்குப் பழைய வெலை" என்றார். அதுவரை அந்த அம்மாளை யார் வைத்துக்கொள்வது என்ற பேச்சே எழவில்லை. மறுநாள் காலையில் இரண்டு மருமகள்களும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்ததைத் தெருவே பார்த்தது.

நான் கரையாம்புத்தூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தபோது எள்ளு விலை படுத்துக் கிடந்தது. எங்கள் வீட்டு விலையோ, எள்ளு உச்சியில் இருந்த நாளில் பிடித்த விலை. நேற்று வந்தவர்களெல்லாம் கம்மியாகக் கொடுக்க, வருஷக்கணக்காக வாங்குகிற நாங்கள் கூடக் கொடுத்தோம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? நேரே போனேன்.

"இது இன்னா நாயம்? பழகுனவங்களுக்குக் கொறச்சுத்தான குடுப்பாங்க?"

"கொறச்சுக் குடுக்கறேன்னு நான் எப்பம்மா சொன்னேன்? மாத்த மாட்டேன்னுதான் சொன்னேன்."

"அப்ப எங்களுக்கு நஷ்டமாச்சே?"

"எறங்கும்போது உங்க நஷ்டம். ஏறும்போது என் நஷ்டம்."

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் யோசனை சொன்னேன். "அத்தே, ஒரு வாட்டி கடலூர்ல வாங்கிட்டு, புது ஆளாப் போய் நிப்போம். பாதித் தெரு அப்டித்தான் செஞ்சிருக்குது."

அத்தை அடுப்பிலிருந்து திரும்பவேயில்லை. "அப்டிப் போயிட்டு வந்து அந்தாளு எதுக்க நிக்க ஒனக்கு மூஞ்சி இருந்தா போ. எனக்கு இல்லடி."

நான் போகவில்லை. ஆனால் வாரா வாரம் செக்கடியில் அவரோடு வாதாடிவிட்டுத்தான் காசைக் கொடுப்பேன். அவரும் வாரா வாரம் அதே பதிலைச் சொல்லுவார்.

பிறகு யுத்தம் வந்தது. எள்ளு விலை ஏறியது, கொஞ்சம் நின்றது, மறுபடியும் ஏறி எங்கள் வீட்டு விலையையும் தாண்டியது. உச்சி விலையில் மாட்டிக்கொள்ளப் பயந்து புதிதாக யாரும் அவரிடம் வரவில்லை. வாடிக்கையாக இருந்தது பன்னிரண்டு வீடு. எல்லாருக்கும் பழைய விலை. ஒவ்வொரு படி அளக்கும்போதும் அவருக்குக் கைநஷ்டம். ஒருநாள் காலையில் போனபோது எள்ளு மூட்டைமேல் உட்கார்ந்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு மாட்டில் ஒன்றை விற்றுவிட்டாராம். அடுத்த வாரம் பார்த்தால், மிச்ச மாட்டுக்கு ஜோடியாக நுகத்தடியில் தானே தோள் கொடுத்துச் செக்கைச் சுற்றுகிறார். அப்போதும் முகத்தில் அதே உம்மணாம்மூஞ்சி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த மாடும் போய்விட்டால் செக்கு நின்றுவிடும். அவருக்கு வேறு பிழைப்பு தெரியாது.

அத்தை காசைக் கூட வைத்துக் கொடுத்துப் பார்த்தாள். அதிகப்படியை அவர் திருப்பித் தள்ளிவிட்டார். "வார்த்தை குடுத்துட்டேன் யம்மா. மாட்டுக்கும் இதத்தான் சொன்னேன்."

நாலாம் நாள் அத்தை என்னைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, கடலூர்ல வாங்கிட்டுப் போய்ப் புது ஆளா நிக்கலாம்னியே. இப்ப நிப்போம்."

"இப்பவா? நாளைக்கே ஆள அனுப்பறேன் அத்தே."

"இன்னாத்துக்கு? கண்ட எண்ணெய எல்லாம் என் வூட்டுச் சட்டியில ஊத்த மாட்டேன். வாங்குன மாதிரி போவோம்."

குமாஸ்தா வீட்டிலிருந்து ஒரு காலி ஒயின் பாட்டில் வாங்கி வந்தேன். எங்கள் ஜாடியில் இருந்த எண்ணெயை, அதாவது அவர் ஆட்டின எண்ணெயையே, அதில் ஊற்றி மூடினாள். இருவரும் செக்கடிக்குப் போனோம். ஊருக்கே புத்தி சொல்கிற என் மாமியாருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாக்கு குழறியது.

"கடலூர்ல... வாங்கிட்டோம். தப்பு நடந்துபோச்சு."

நுகத்தடியிலிருந்து தோளை எடுத்துவிட்டு வந்தார். பாட்டிலைத் திறந்து மோந்தார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்தார். அத்தையை ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணைக் கட்டிவிட்டாலும் எந்த ஊர் எள்ளு என்று சொல்லுகிறவர் அவர். தன் எண்ணெய் தனக்குத் தெரியாதா? குட்டு உடைந்தது என்று நான் பாட்டிலைப் பிடுங்கப் போனேன்.

"மட்டமான எண்ணெ" என்றார். "இத்தப் போய் வாங்கலாமா?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி. இன்னிக்கு நீங்க புது ஆளு" என்று சொல்லி, அன்றைய விலையைச் சொன்னார். அத்தை காசை எண்ணிக் கொடுத்தாள்.

அந்த ஒரே பாட்டில் ஒரு மாதத்துக்குள் மிச்சப் பதினோரு வீட்டுக்கும் போய்வந்தது. ஒவ்வொரு வீடாகப் போய்த் தப்பை ஒத்துக்கொண்டார்கள். அவரும் ஒவ்வொரு தடவையும் மோந்து பார்த்து, மட்டம் மட்டம் என்று தன் எண்ணெயையே திட்டினார். தைக்குள் இரண்டாவது மாடு வந்துவிட்டது.

யுத்தம் முடிந்து கொஞ்ச நாளில் அத்தை போய்ச் சேர்ந்தாள். காரியத்துக்கு எண்ணெய் வாங்கத் தூக்கை எடுத்துக்கொண்டு நான்தான் போனேன். அளந்து ஊற்றினார். விலை கேட்டேன். நான் வாழ்க்கைப்பட்டு வந்தபோது எங்கள் வீட்டுக்கு இருந்த, அந்தப் பழைய விலையைச் சொன்னார்.

"நாங்கதான் நடுவுல வெளிய வாங்கிட்டமே" என்றேன்.

"அந்தம்மா ஒரு நாளும் வேற எண்ணெ வாங்கல."

வாரா வாரம் அவரோடு வாதாடினவள் நான். அன்றைக்கு அவர் சொன்ன விலையை அப்படியே வைத்துவிட்டுத் திரும்பினேன். வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன், அத்தைக்காக மட்டும் இல்லை.