பிழை பிடிக்கும் கணக்குப்பிள்ளை

மலைநாட்டில் அட்டைக்கு அடுத்தபடியாக, ஆளைப் பிடித்தால் விடாத ஜந்து ஒன்று உண்டு: நியாயப் பிழை பிடிப்பவர். நீங்கள் வாயைத் திறந்தால் போதும். சொன்ன விஷயத்தை விட்டுவிட்டு, சொன்ன நியாயத்தில் என்ன ஓட்டை என்று தேடுவார்.

உடப்புசல்லாவைப் பக்கத்துக் கணக்குப்பிள்ளை கணேசமூர்த்தியைத் தெரியுமல்லவா? தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் வேலை காலி. கம்பெனி பரீட்சை வைக்கிறது. தேறினால் ஒழுகாத கூரையுள்ள வீடு. புத்திக்கூர்மைத் தாளுக்கென்று ஒரு வழிகாட்டிப் புத்தகம் வாங்கி, அதிலிருந்த நியாயப் பிழை வகை பன்னிரண்டையும் மனப்பாடம் செய்தார். அன்றைக்குப் பிடித்தது தோட்டத்துக்குச் சனி.

"இன்னைக்கு ஒன்பதாம் நம்பர் மலையில கொழுந்துன்னு கங்காணி சொன்னாருங்கய்யா" என்றாள் கொழுந்து பறிக்கிற வேலாயி.

"பெரிய ஆளு சொல்லிட்டா உண்மையாயிருமா? இது அஞ்சாம் நம்பர் பிழை!"

"அவருக்குச் சொன்னதே நீங்கதானுங்களே!"

வீட்டிலும் விட்டாரா? "நேத்து ஒழுகிச்சு, முந்தாநாளும் ஒழுகிச்சு. நாற்காலியத் தள்ளிப் போடுங்க" என்றாள் மனைவி பூரணி.

"ரெண்டு நாள வச்சு மூணாம் நாளுக்கு முடிவு கட்டலாமா?"

மூன்றாம் நாளும் ஒழுகியது. "ஒழுகினது வேற, உன் நியாயம் வேற" என்று தலையைத் துவட்டிக்கொண்டார்.

பரீட்சையில் முதல் கேள்வி: 'தேயிலைச் செடிகள் எல்லாம் இடுப்பளவு உயரமானவை. மூக்கன் நட்டது தேயிலைச் செடி. ஆகவே அதன் உயரம் என்ன?' ஒரு சொல்லில் தீர்ந்துபோகிற சங்கதி. விடுவாரா? கவ்வாத்து வெட்டாமல் விட்டால் தேயிலை மரமாகிவிடும் என்று தெரியாத எந்த மடையன் இதைக் கேட்டான்? விதைக்கென்று விட்ட மரங்களின் உயரம், கவ்வாத்துக் கத்தியின் தினுசு, மண்ணின் குணம் என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார். மணி அடித்தது. மிச்சம் முப்பத்தொன்பது கேள்விகளும் தொடாமல் கிடந்தன.

கேள்வி சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டுதான் பதில் எழுத வேண்டும் என்று புத்தகத்தின் முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. அந்தப் பக்கத்தில் பிழை எதுவும் இல்லாததால் அவர் அதைப் படிக்கவில்லை.

வேலை கூடப் பரீட்சை எழுதிய சிவபாதத்துக்குப் போயிற்று.

"மூணு பேரு எழுதினோம், ஒருத்தன்தான் தேறினான். அப்ப பரீட்சையிலதான் கோளாறு" என்றார் கணேசமூர்த்தி.

"இருக்கட்டுங்க. இந்த மழைக்குப் புள்ளைங்கள எங்க படுக்க வைக்க?" என்றாள் பூரணி. இது எத்தனையாம் நம்பர் பிழை என்று அவர் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார்.

கணக்குப்பிள்ளைமாரே இப்படித்தான் என்று தலையாட்டுகிறீர்களா? இதுவரை பார்த்தது ஒரே ஒருவரைத்தானே! இல்லை, 'ஒருவரை வைத்து எல்லாரையும் சொல்வது பிழை' என்று முன்கூட்டியே விரலைத் தூக்கிவிட்டீர்களா? அப்படியானால் உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.