த்ரீ பேஸ் அண்ணன் ஏரியில் இறங்கினார்

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில் த்ரீ பேஸ் அண்ணன் நீந்தாத கிணறு ஒன்று இருந்தால், அதில் தண்ணீர் இல்லை என்று அர்த்தம்.

கிணறு கிணறாகப் போய்ப் பம்புசெட் பழுது பார்க்கிற மெக்கானிக் அவர். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், வெளிநாட்டில் ஒரே மூச்சில் நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடவும் செய்கிறார்கள் என்ற செய்தியை டீக்கடையில் அவருக்குப் படித்துச் சொன்ன பாவி நான்தான். எங்கள் வம்சத்திலேயே முதலில் பள்ளிக்கூடம் போனவன். பேப்பரை உரக்கப் படிப்பதில் எனக்கு அப்படியொரு பெருமை!

"நடுவுல நிறுத்தாமயா தம்பி?"

"நிறுத்தாமத்தாண்ணே."

"அட, மூணும் நமக்குத் தெரியுமே!"

டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அன்றிலிருந்துதான் அவர் த்ரீ பேஸ். த்ரீ பேஸ் கரண்டில் மூன்று லைனும் சேர்ந்து வந்தால்தானே பம்புசெட் மோட்டார் ஓடும்?

அதன் பிறகு வேலையே பயிற்சி. கேரியரில் எரிந்துபோன மோட்டார் ஒன்றைக் கட்டிக்கொண்டு மைல் கணக்கில் மிதிப்பார். "பாரம் இருந்தாத்தான் காலு தேறும்." கிணற்றின் அடியில் குழாயைப் பார்க்க இறங்கினால் நூறு சுற்று நீந்தாமல் ஏற மாட்டார். மேலே நிற்கிற விவசாயி கதறுவார்.

"யோவ், வெங்காயம் வாடுதுய்யா! மேல ஏறு!"

"அறுவத்திரெண்டு... இருங்க... அறுவத்திமூணு..."

ரேஷன் மண்ணெண்ணெயை வாங்கிக்கொண்டு ஓடியே வந்து, பாதி டின்னைத் தெருவுக்கு வார்த்த அன்றுதான் அவர் மனைவி செல்லம் அக்கா கண்டிஷன் போட்டார்.

"ஒரே ஒரு பந்தயம். முடிக்காம வூட்டுக்கு வந்தீங்க, அதுக்கப்புறம் ஓட்டம் கீட்டம்னு வாயே தொறக்கப்படாது."

அரியலூர்ப் பக்கம் போட்டி வைத்தார்கள். பெரிய ஏரி ஒன்றை நீந்திக் கடந்து, சைக்கிளில் பெரம்பலூர் போய்த் திரும்பி, கடைசியில் ஆறு மைல் ஓட்டம்.

விசில் ஊதியதும் எல்லோருக்கும் முன்னால் பாய்ந்தவர் அண்ணன்தான். கரையில் நானும் செல்லம் அக்காவும் குதித்தோம். ஐம்பது கை போட்டிருப்பார், இடப்பக்கம் திரும்பினார். இன்னும் திரும்பினார். புறப்பட்ட இடத்துக்கே வந்து, மறுபடி போனார். வட்டக் கிணற்றிலேயே சுற்றிப் பழகிய உடம்புக்கு, நேராகப் போவது என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை!

"என்னா தம்பி, கோயிலா சுத்துறாரு? இப்புடிப் போனா முடிக்க மாட்டாரே!"

கேட்கும்போதே அக்காவின் முகம் மாறிவிட்டது. ஒரு விநாடிதான். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கரையோடு ஓடத் தொடங்கினார்.

"ஏங்க! சோத்தாங்கைப் பக்கம்! சோத்தாங்கைப் பக்கம் இழுங்க!"

நானும் ஓடினேன். அண்ணன் இடப்பக்கம் சாய்ந்தபோதெல்லாம் ஏரிக்கரையே சேர்ந்து "சோத்தாங்கை!" என்று அலறியது.

அவர் கரையேறியபோது மற்றவர்கள் சைக்கிளில் பாதி வழி போயிருந்தார்கள். மோட்டார் கட்டாத சைக்கிள் பறந்தது. ஆனால் ஓட்டத்தில் கால் பிடித்துக்கொண்டது. நொண்டி நொண்டி அவர் வந்து சேர்ந்தபோது எல்லைக்கயிற்றையே சுருட்டிவிட்டிருந்தார்கள். முடித்தவர்கள் பெயரைக் குறித்த நோட்டோடு கிளம்பிய நடுவரைச் செல்லம் அக்கா வழிமறித்தார்.

"எழுதுங்க சார். முடிச்சிட்டாருன்னு எழுதுங்க. எழுதாம எப்புடிப் போறீங்கன்னு பாக்குறேன்."

எழுதினார்.

ஏரிக்கரையில் கத்திய கத்தில் அடுத்த மூன்று நாள் எனக்குத் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. ஆபீசில் கேட்டவர்களிடம் சளி என்று சைகை காட்டிவிட்டேன்.